பிக்கப்பை உயர்த்துமுன் கேம் போல்ட்டைச் சுழற்றிப் பாருங்கள்

திருகோணமலையில் ஓடுகிற டபுள் கெப்புக்கு லிஃப்ட் கிட் (வாகனத்தை உயர்த்தும் பாகத் தொகுப்பு) வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கிறீர்களா? கடைக்குப் போகுமுன் ஒரு பழைய சாக்கை விரித்து வாகனத்தின் அடியில் படுங்கள். முன் சக்கரத்துக்கு உட்புறம், லோவர் ஆம் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கை) சேஸியோடு சேரும் இடத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பெரிய போல்ட் இருக்கும். அவற்றின் தலையோடு கோடு கீறிய வட்டத் தட்டு ஒன்றும் இருக்கும். அதுதான் கேம் போல்ட். டொயோட்டா ஹைலக்ஸ் விகோ, ரெவோ இரண்டிலும் கேம்பரும் (சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்) காஸ்டரும் (ஸ்டியரிங் திரும்பும் அச்சு முன்னே அல்லது பின்னே சாயும் கோணம்) இந்த நான்கு போல்ட்டிலேதான் சரிசெய்யப்படுகின்றன. அவை சுழலாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிட்டாக இருந்தாலும் எலைன்மென்ட் (சக்கரக் கோணங்களின் ஒழுங்கு) பிடிக்காது. ஆறு மாதத்தில் முன் டயர்கள் போய்விடும்.

சோதிப்பது இப்படி. கேம் தட்டுக்கும் சேஸிக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு போடுங்கள். நட்டை இளக்கி, போல்ட்டின் தலையை ஸ்பனரால் மெதுவாகத் திருப்புங்கள். தட்டு நகர்ந்து அங்கேயே நின்றால் நல்லது. சற்றுத் திரும்பி, கையை விட்டதும் தானாகப் பழைய இடத்துக்கே வந்தால் போல்ட், புஷ்ஷின் (ஆம் முனையில் இருக்கும் றப்பர் உறை) உள் குழாயோடு கறள் பிடித்து ஒட்டிவிட்டது என்று அர்த்தம். அப்போது நீங்கள் திருப்பியது போல்ட்டை அல்ல, புஷ்ஷின் றப்பரைத்தான். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் மணலில் இறங்கும் வாகனங்களிலும், வள்ளம் இறக்கத் தண்ணீர் வரை பின்னால் போகும் வாகனங்களிலும் இது நாலைந்து வருடத்திலேயே நடந்துவிடும்.

ஒட்டிய போல்ட்டுக்கு மூன்று நாள், காலையும் மாலையும் ஊடுருவும் எண்ணெய் அடித்துப் பார்க்கலாம். அசையாவிட்டால் வெட்டத்தான் வேண்டும். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் வாள் அலகை விட்டு இரு பக்கமும் அறுத்து லோவர் ஆமை இறக்கி, புது போல்ட், புது கேம் தட்டு, புது புஷ் போட வேண்டும். காஸ் விளக்கால் சூடாக்கி எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். றப்பர் எரியும். எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் பக்கத்திலேயே போகின்றன. வேண்டாம். இந்தச் செலவையும் கிட்டின் விலையோடு கூட்டி, கையில் இருக்கும் காசு போதுமா என்று முதலில் பாருங்கள்.

எவ்வளவு உயர்த்துவது

முன்னுக்குக் கொயில் ஸ்பிரிங், பின்னுக்கு லீஃப் ஸ்பிரிங் உள்ள வாகனத்துக்கு 40 முதல் 50 மில்லிமீற்றர் போதும். அதற்கு மேல் போனால் டிரைவ் ஷாஃப்ட்டின் சிவி ஜொயின்ட் (முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் வளையும் மூட்டு) கூடிய சரிவில் வேலை செய்யும், அதன் பூட் (றப்பர் உறை) சீக்கிரம் கிழியும், அப்பர் ஆமின் போல் ஜொயின்ட் (பந்து மூட்டு) எல்லைக்கு வந்து நிற்கும். காஸ்டரும் கேம் போல்ட்டின் எல்லைக்குள் மீளாது. பிறகு புது அப்பர் ஆம், டிபரன்ஷலை இறக்கும் கட்டை, நீள பிரேக் ஹோஸ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

உயர்த்துவதால் என்ன கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சஸ்பென்ஷனை உயர்த்தினால் உடலும் சேஸியும்தான் உயரும். பின் டிபரன்ஷல் அச்சோடு தரைக்கு அதே உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. 265/70 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 777 மில்லிமீற்றர், 265/75 ஆர் 16 சுமார் 804. மாற்றினால் டிபரன்ஷலுக்குக் கிடைப்பது 13 மில்லிமீற்றர். வேகமானியும் உண்மையைவிட 3 வீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைத்துக் காட்டத் தொடங்கும். தம்பலகாமம், கிண்ணியாப் பக்க வயல் பாதைகளில் மாரிகாலத்தில் விழும் உழவு மெஷின் தடங்களில் உயரம் உதவும். கடற்கரை மணலுக்கு மட்டும் என்றால், டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை இறக்குவது எந்த லிஃப்ட்டையும்விட நன்றாக வேலை செய்யும், செலவும் இல்லை. தார் வீதிக்கு ஏறியதும் திரும்ப நிரப்ப மறக்கக் கூடாது.

எந்தப் பாகம்

முன்னுக்கு மலிவான வழி, ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த தொகுதி) மேல் வைக்கும் வட்டக் கட்டை. ஸ்ட்ரட் ஆமின் நடுப்பகுதியில் அமர்ந்திருப்பதால் 25 மில்லிமீற்றர் கட்டை சக்கரத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகத் தெரியும். இது ஸ்பிரிங்கை மாற்றுவதில்லை, முழுத் தொகுப்பையும் கீழே தள்ளுகிறது. சக்கரம் தொங்கும்போது முன்பைவிட அதிகம் கீழே போகும், அப்பர் ஆம் ஸ்பிரிங்கில் முட்டும், சிவி ஜொயின்ட் இழுபடும். நீளமான ஸ்பிரிங்கும் அதற்கு ஏற்ற நீளமான ஷொக்கும் சேர்ந்த தொகுப்பே சரியானது. காசு இப்போது போதாவிட்டால் கட்டை போடுவதைவிடப் பொறுத்திருப்பது நல்லது.

ஸ்பிரிங் வாங்கும்போது வாகனத்தில் எப்போதும் இருக்கும் பாரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். ஐஸும் மீன் பெட்டியுமாகத் தினமும் ஏற்றுபவருக்கு 300 கிலோ நிரந்தரப் பாரத்துக்கான லீஃப் வேண்டும். வெறும் தட்டோடு ஓடுபவர் அதே லீஃபைப் போட்டால் பின்பக்கம் துள்ளும், பள்ளத்தில் பின் சக்கரம் பிடி விடும். முன்னுக்கு இரும்பு பம்பர், வின்ச் இருந்தால் அதுவும் கணக்கில் வர வேண்டும்.

பின்னுக்கு முழு லீஃப் தொகுப்பை மாற்றுவதே நல்ல வழி. ஒரு பட்டை கூட்டுவது இரண்டாவது. அச்சுக்கும் லீஃபுக்கும் இடையில் இரும்புக் கட்டை வைப்பதாக இருந்தால் ஒன்று மட்டும் வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கட்டை வைத்தால் பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கும், கட்டை வழுக்கி வெளியே வரலாம். நீள ஷக்கிளை (லீஃபின் முனையைச் சேஸியோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) நாங்கள் பரிந்துரைப்பதில்லை. 25 மில்லிமீற்றர் உயர 50 மில்லிமீற்றர் நீளம் கூட வேண்டும், பினியன் (டிபரன்ஷலுக்குள் போகும் தண்டு) கோணம் மாறும், பக்கவாட்டு ஆட்டமும் கூடும்.

பழைய எல்என்166 ஹைலக்ஸ், 2011க்கு முந்திய இசுசு டிமேக்ஸ் போன்றவற்றில் முன்னுக்குக் கொயில் இல்லை, டோர்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புத் தண்டு) இருக்கும். அதன் போல்ட்டை இறுக்கினாலே முன்பக்கம் உயரும். செலவில்லாத வேலைதான், ஆனால் உயர்ந்த அளவுக்குச் சக்கரம் கீழே தொங்கும் தூரம் குறையும். 25 மில்லிமீற்றருக்கு மேல் போகாதீர்கள்.

கழற்றுமுன் அளவு

சம தளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம், டயர் தேய்மானம் கணக்கைக் குழப்பும். சாரதிப் பக்கம், அதாவது வலப்பக்கம், 5 முதல் 10 மில்லிமீற்றர் தாழ்ந்திருப்பது வழக்கம். அதற்கென மெல்லிய வளையம் கிடைக்கும், வலப்பக்க ஸ்பிரிங்கோடு சேர்த்துப் போடலாம். இரவில் சுவரிலிருந்து 10 மீற்றர் தள்ளி நிறுத்தி, ஹெட்லைட் வெளிச்சத்தின் மேல் விளிம்பையும் சோக்கால் குறித்து வையுங்கள்.

முன்பக்கம்

சேஸியின் கீழ் இரண்டு 3 தொன் ஸ்டாண்ட், பின் சக்கரத்துக்குக் கட்டை. ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. சக்கரத்தைக் கழற்றி, இன்னொரு ஜக்கை லோவர் ஆமின் கீழ் வைத்து இலேசாகத் தாங்குங்கள். ஸ்டெபிலைசர் லிங்க், பிரேக் ஹோஸைப் பிடிக்கும் பிராக்கெட், ஏபிஎஸ் வயர் கிளிப் ஆகியவற்றை முதலில் விடுவியுங்கள். கலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டுங்கள். டை ரொட் எண்டையும் (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் தண்டின் முனை) அப்பர் போல் ஜொயின்ட்டையும் புல்லரால் எடுங்கள். சுத்தியலால் அடித்து எடுத்தால் பூட் கிழியும், கிழிந்த பூட்டுக்குள் இந்த ஊர் உப்புக் காற்று போனால் ஜொயின்ட் ஒரு மாரிகூடத் தாங்காது.

அப்பர் ஜொயின்ட் கழன்றதும் ஹப் வெளிப்புறம் சாயும். டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜொயின்ட் வெளியே இழுபடாதபடி ஹப்பை ஒரு கயிற்றால் சேஸியோடு கட்டி வையுங்கள். பிறகு ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட், மேலே மூன்று நட்டு. நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொட வேண்டாம். முழு ஸ்பிரிங்கும் அந்த ஒரு நட்டில்தான் அடங்கியிருக்கிறது, அது கழன்றால் ஆளைக் கொல்லும். ஸ்ட்ரட்டை வெளியே எடுத்து, நல்ல கம்பிரஸரால் ஸ்பிரிங்கை இரு பக்கமும் சமமாக ஒடுக்கி, மேல் தட்டு தளர்ந்து ஆடுகிறது என்று கையால் பார்த்த பிறகே நடு நட்டை எடுக்கலாம். கம்பிரஸரின் மரை தேய்ந்திருந்தால் அந்த வேலையைக் கராஜில் விடுங்கள். புது தொகுப்பு முன்கூட்டியே பொருத்தி வந்தால் இந்த அபாயமே இல்லை.

பொருத்தும்போது ஸ்பிரிங்கின் கீழ் முனை ஷொக் தட்டில் உள்ள படியில் முட்டி நிற்க வேண்டும். ஒரு விரல் தள்ளி இருந்தாலும் ஓடத் தொடங்கியதும் ‘டங்’ என்று உட்கார்ந்து உயரம் மாறிவிடும்.

இனி அதிகம் பேர் விடும் பிழை. ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டையும் கேம் போல்ட்டுகளையும் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்காதீர்கள். கையால் பூட்டி விடுங்கள். சக்கரத்தைப் போட்டு, வாகனத்தை இறக்கி, பம்பரை நாலைந்து தரம் அமத்தி விட்ட பிறகே இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்ஷின் றப்பர் அந்த நிலையிலேயே பிடிபடும். வாகனம் கீழே வந்ததும் அது எப்போதும் முறுகியே இருந்து, சில மாதங்களில் உள் குழாயிலிருந்து கிழிந்து பிரியும். பின் லீஃபின் கண் போல்ட்டுக்கும் ஷக்கிளுக்கும் இதே விதிதான்.

பின்பக்கம்

சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, அச்சை ஜக்கில் தாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் அச்சு இடம் மாறாது. டிபரன்ஷலின் மூச்சுக் குழாய், பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் மூன்றும் உயர்ந்த பின் இழுபடாத அளவு நீளம் உண்டா என்று பாருங்கள். மூச்சுக் குழாய் கழன்று கிடந்தால் வெள்ளத்தில் இறங்கிய அன்றே டிபரன்ஷல் எண்ணெய்க்குள் தண்ணீர் போகும்.

யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். ஒரு தரம் இறுக்கியவை நீண்டிருக்கும். லீஃபின் நடு போல்ட்டின் தலை அச்சின் துளைக்குள் சரியாக இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே நட்டு போடவும். குறுக்கு மறுக்காக மூன்று தடவையில் இறுக்குங்கள், அளவு கிட்டோடு வரும் தாளில் இருக்கும். முடிந்ததும் நட்டுக்குக் கீழே தெரியும் மரை நான்கு காலிலும் சமமாக இருக்க வேண்டும். ஒரு கால் நீண்டிருந்தால் தட்டு சரிந்திருக்கிறது.

பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி சேஸியில் உள்ள பிரேக் வால்வுக்குப் போகிற வாகனங்களில் அதைக் கட்டாயம் சரிசெய்ய வேண்டும். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடுவது அந்த வால்வின் வேலை. நீங்கள் பின்பக்கத்தை 40 மில்லிமீற்றர் உயர்த்தியதும் வாகனம் எப்போதும் வெறுமையாக இருப்பதாக அது நினைக்கும். பிறகு 800 கிலோ நெல் ஏற்றினாலும் பின் பிரேக் போதிய அளவு பிடிக்காது. கம்பியின் பிராக்கெட்டை உயர்த்திய அளவுக்கே இடம் மாற்றும் துண்டு தனியாகக் கிடைக்கும். ஹபரணை – கந்தளாய் வீதியில் இரவில் யானை குறுக்கே வந்தால் உங்களைக் காப்பது இந்தச் சின்னத் துண்டுதான்.

புறப்படும்போது 10 முதல் 40 கிலோமீற்றர் வேகத்துக்குள் தரையில் அதிர்வு வந்தால் புறொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறியிருக்கிறது. நடு பெயரிங்கை 10 முதல் 15 மில்லிமீற்றர் கீழே இறக்கும் கட்டை பெரும்பாலும் சரிசெய்யும்.

தங்கூசியும் தூக்குக் குண்டும்

உயர்த்திய வாகனத்தை அப்படியே எலைன்மென்ட் கடைக்கு ஓட்டிப் போனால் வழியிலேயே டயர் தேயத் தொடங்கும். வீட்டிலேயே டோவை (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) கிட்டத்தட்டச் சரிக்குக் கொண்டு வரலாம். வேண்டியது தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்), நான்கு ஸ்டாண்ட், ஒரு இரும்பு அடிமட்டம்.

வாகனத்தை 3 மீற்றர் முன்னுக்கு உருட்டி நிறுத்துங்கள், பின்னுக்கு உருட்டாதீர்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டுங்கள். இரு பக்கமும் ஹப் உயரத்தில் தங்கூசியை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு தங்கூசிக்கும் இடைத்தூரம் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். முன் ஹப் இரண்டிலிருந்தும் அந்தந்தப் பக்கத் தங்கூசிக்குத் தூரம் ஒன்றாக வர வேண்டும், பின் ஹப்புகளுக்கும் அப்படியே. பிறகு முன் சக்கரத்தின் றிம்மில் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் தங்கூசியிலிருந்து தூரத்தை அளந்து பாருங்கள். முன் விளிம்பு தங்கூசிக்குத் தள்ளி இருந்தால் டோ உள்ளே. இரு சக்கரத்தின் வித்தியாசத்தையும் கூட்டினால் 1 முதல் 2 மில்லிமீற்றர் உள்ளே இருப்பது நல்லது. டை ரொட்டை இரு பக்கமும் சம அளவில் திருப்புங்கள், இல்லாவிட்டால் ஸ்டியரிங் வளைந்து நிற்கும்.

கேம்பருக்கு மேசன் வைத்திருக்கும் தூக்குக் குண்டு போதும். 16 அங்குல றிம்மில் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 7 முதல் 8 மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால் ஒரு பாகை. உயர்த்திய பின் சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்திருக்கும், அதை நேருக்குக் கொண்டுவர வேண்டும். காஸ்டரை வீட்டில் அளக்க முடியாது, அது கடை வேலை.

கடையில் கேட்க வேண்டியவை

‘நேராக்கித் தாருங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சரிசெய்யுமுன்னும் சரிசெய்த பின்னும் திரையில் வரும் எண்களின் தாளைக் கேட்டு வாங்குங்கள். இலக்கு: கேம்பர் இரு பக்கமும் பூச்சியத்திலிருந்து அரைப் பாகைக்குள், காஸ்டர் 2.5 பாகைக்குக் குறையாமல், டோ மேலே சொன்ன அளவு. மூன்றில் காஸ்டருக்கே முதலிடம் கொடுக்கச் சொல்லுங்கள். காஸ்டர் குறைந்த வாகனம் 80 கிலோமீற்றரில் வீதியில் அலையும், திருப்பத்துக்குப் பின் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது.

நமது வீதிகள் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்தவை. வாகனம் காஸ்டர் குறைந்த பக்கத்துக்கு இழுக்கும் என்பதால், இடப்பக்கக் காஸ்டர் வலதைவிடக் கால் பாகை கூடுதலாக இருந்தால் நேராக ஓடும். அரைப் பாகைக்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

‘கேம் போல்ட் திரும்பவில்லை, டோ மட்டும் வைத்துவிட்டோம்’ என்று சொன்னால் காசைக் கட்டுமுன் முதல் பகுதிக்குத் திரும்புங்கள்.

ஓட்டத் தொடங்கிய பின்

100 கிலோமீற்றரில் யூ போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் திரும்ப இறுக்குங்கள். ஹைலக்ஸ் அலோய் றிம்முக்கு 105 நியூட்டன் மீற்றர். 500 கிலோமீற்றரில் இன்னொரு தரம். புது ஸ்பிரிங் முதல் சில வாரங்களில் 5 முதல் 15 மில்லிமீற்றர் வரை அமரும், அதனால் 500 முதல் 1000 கிலோமீற்றருக்குள் எலைன்மென்ட்டை மறுபடி பார்க்க வேண்டும். முதல் தடவை கொடுத்த காசு வீண் என்று நினைத்து இதை விடுபவர்களின் டயர்தான் முதலில் போகிறது. நான்கு மூலையின் உயரத்தையும் அன்றே அளந்து பழைய தாளில் எழுதுங்கள்.

ஹெட்லைட்டையும் மறவாதீர்கள். 3085 மில்லிமீற்றர் சில்லிடைத் தூரத்தில் முன்பக்கம் பின்பக்கத்தைவிட 15 மில்லிமீற்றர் கூட உயர்ந்தால், 10 மீற்றரில் வெளிச்சம் 5 சென்ரிமீற்றர் மேலே போகும். அதோடு வாகனம் உயர்ந்த அளவும் சேரும். எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரரின் கண்ணில்தான் அது படும். வெளிச்சத்தின் மேல் விளிம்பு 10 மீற்றரில் விளக்கின் உயரத்தைவிட 10 சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும்.

உயரத்தை மாற்றுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி பற்றியும், காப்புறுதிக் கம்பனியில் உங்கள் ஒப்பந்தம் பற்றியும் கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

கடல் மணலில் இறங்கிய அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், முக்கியமாகக் கேம் போல்ட், ஷக்கிள், பிரேக் வால்வுக் கம்பி. கேம் போல்ட் போடும்போதே அதன் தண்டு முழுவதும் வள்ள எஞ்சினுக்குப் போடும் தண்ணீர் தாங்கும் கிறீஸைத் தடவுங்கள், மரைக்கு மட்டுமல்ல. பழைய எஞ்சின் ஒயிலை அடிப்பக்கம் முழுக்க அடிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அது புஷ் றப்பரை ஊத வைத்துக் கெடுக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மாரி தொடங்குமுன்னும் முடிந்த பின்னும், கேம் தட்டில் பெயின்ற் கோடு போட்டு, நட்டை இளக்கி, போல்ட்டைக் கால் சுற்று அசைத்து, கோட்டிலேயே திரும்ப வைத்து இறுக்குங்கள். எல்லாம் சேர்ந்து அரை மணி நேர வேலை.

இரண்டு எலைன்மென்ட்டுக்கு இடையில் உங்கள் கையே போதும். வாரம் ஒரு முறை முன் டயரின் முகத்தில் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள், பிறகு உள்ளேயிருந்து வெளியே. உள்ளே போகும்போது வழுவழுப்பாகவும் வெளியே வரும்போது வாள் பல் போலவும் குத்தினால் டோ அதிகம் உள்ளே. மறுபுறமாகக் குத்தினால் டோ வெளியே. எந்தக் குத்தலும் இல்லாமல் வெளி விளிம்பு மட்டும் வழுக்கையானால் கேம்பரைப் பாருங்கள். ஒரு பக்க டயர் மட்டும் குத்தினால் அந்தப் பக்கக் கேம் தட்டின் பெயின்ற் கோடு விலகியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.